பைப்லைன் பக்கத்தில் கிடக்கும் ஃபைபரை வைத்தே எரிபொருள் கசிவைப் பிடிக்க முடியுமா?

தெற்குலைன்:

எல்லோருக்கும் வணக்கம். பெட்ரோலும் டீசலும் மாறி மாறிப் போகிற ஒரு பைப்லைனில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பார்க்கிறேன். குழாய் ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் புதைந்திருக்கிறது, மணிக்கு 500 கிலோலிட்டர் அளவுக்கு ஓட்டம். குழாய் போட்ட காலத்திலேயே ஸ்காடாவுக்கும் (லைனைத் தூரத்திலிருந்து கண்காணித்து இயக்கும் அமைப்பு) டெலிபோனுக்கும் என்று 24 இழை ஆப்டிகல் ஃபைபர் கேபிள் ஒன்றை எச்.டி.பி.இ. டக்ட்டுக்குள், அதாவது பக்கத்தில் புதைத்த பிளாஸ்டிக் குழாய்க்குள், காற்றால் ஊதி விட்டிருக்கிறார்கள், அதில் பாதி இழை இன்றுவரை சும்மாதான் கிடக்கிறது.

போன வாரம் ஒரு வெண்டர் வந்து, "ஸ்டேஷனில் ஒரு பெட்டியை மாட்டினால் போதும், உங்கள் பழைய ஃபைபரே மீட்டருக்கு ஒரு சென்சார் ஆகிவிடும், எங்கே சொட்டினாலும் திரையில் புள்ளி விழும்" என்று காட்டிவிட்டுப் போனார். மேலே இருப்பவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும் ஆசைதான், ஏனென்றால் இப்போது எங்களிடம் இருப்பது உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற மென்பொருள் மட்டும். ஒரு சதவீதத்துக்குக் கீழே கசிந்தால் அது வாயே திறக்காது. ஒரு சதவீதம் என்றால் மணிக்கு 5,000 லிட்டர், ஒரு நாளைக்கு 1,20,000 லிட்டர். லைன் போகிற வழியெல்லாம் வயலும் கிணறும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், அதனால்தான் இது என்னைத் தூங்கவிடவில்லை.

இது உண்மையில் எப்படி வேலை செய்கிறது, டக்ட்டுக்குள் கிடக்கிற கேபிள் இதற்கு ஆகுமா, வெண்டரிடம் என்ன கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒளிச்சிதறல்:

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஃபைபருக்குப் பெட்ரோலைத் தெரியாது. அதற்குத் தெரிந்தவை சூடு, இழுவிசை, அதிர்வு, இவ்வளவுதான். கசிவு இந்த மூன்றில் ஒன்றையாவது அசைத்தால்தான் உங்கள் திரையில் புள்ளி விழும்.

வேலை செய்கிற முறை எளிது. ஒரு முனையில் லேசர் துடிப்பை அனுப்புகிறீர்கள். கண்ணாடியில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிமீ வேகத்தில் போகும். வழி நெடுக ஒவ்வொரு இடத்திலிருந்தும் துளித்துளி ஒளி சிதறித் திரும்பி வரும், திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். 10 நானோ வினாடித் துடிப்பு என்றால் ஒரு மீட்டர் துல்லியம், 100 நானோ வினாடி என்றால் 10 மீட்டர். எந்தச் சிதறலை அளக்கிறீர்கள் என்பதில்தான் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம்.

ராமன் சிதறல், 1928-ல் சி.வி. ராமன் கண்டதேதான். திரும்பும் ஒளியில் ஸ்டோக்ஸ், ஆன்டி-ஸ்டோக்ஸ் என்று இரண்டு பகுதி இருக்கும், சூடு ஏறினால் ஆன்டி-ஸ்டோக்ஸ் கூடும், மற்றது அவ்வளவு அசையாது. இரண்டின் விகிதம்தான் வெப்பநிலை. ஃபைபர் நெடுக வெப்பநிலை அளக்கும் இந்த முறையை டி.டி.எஸ். என்பார்கள். சிக்னல் மிக மிக மங்கலாக இருப்பதால் நிமிடக் கணக்கில் சராசரி எடுக்க வேண்டியிருக்கும், தூரமும் 30 கிமீ பக்கம் போனாலே மூச்சு வாங்கும். மல்டிமோட் எனும் அகலமான உட்கரு கொண்ட இழையில் நன்றாக வேலை செய்யும், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் சிங்கிள்மோடாகத்தான், அதாவது தொலைத்தொடர்புக்கான மெல்லிய உட்கரு இழையாகத்தான் இருக்கும். வெண்டரிடம் இதை முதலில் கேளுங்கள்.

பிரில்லுவன் சிதறலில் ஒளியின் அதிர்வெண்ணே 11 கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு நகரும். ஒரு டிகிரி கூடினால் அது சுமார் ஒரு மெகாஹெர்ட்ஸ் மாறும், இழை 20 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் 20 பங்கு) நீண்டாலும் அதே ஒரு மெகாஹெர்ட்ஸ்தான் மாறும். சூடா, இழுப்பா என்று ஓர் இழையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. மண்சரிவு அபாயம் உள்ள மலைப்பகுதிக் குழாய்களுக்கு இது அருமையான கருவி.

மூன்றாவது ரேலே சிதறல். டி.ஏ.எஸ். என்று சொல்கிறார்களே, ஃபைபரை நீளமான காதாக மாற்றுவது, அது இதில்தான். 40 கிமீ போய்த் திரும்ப ஒளிக்கு 400 மைக்ரோ வினாடி ஆகும் என்பதால் வினாடிக்கு 2,500 துடிப்புக்கு மேல் அனுப்ப முடியாது. ஆனால் மண்வெட்டிச் சத்தமோ வண்டிச் சத்தமோ கேட்க அது தாராளமாகப் போதும்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெப்பநிலை வைத்துக் கசிவைப் பிடிப்பது எங்கே வென்றிருக்கிறது என்று பாருங்கள். பெர்லின் பக்கத்தில், நிலத்தடியில் எரிவாயு சேமிக்க உப்புப் பாறையைக் கரைத்து, வெளிவந்த உப்புநீரை 55 கிமீ குழாயில் கொண்டுபோனார்கள். அந்த உப்புநீர் மண்ணைவிட நல்ல சூடு. 2003-ல் தோண்டும் வேலையில் குழாய் அடிபட்டுக் கசிந்தபோது கேபிள் காட்டிக்கொடுத்துவிட்டது. சூடாக்கி அனுப்பும் கச்சா எண்ணெய்க்கும் இதே கதைதான். இயற்கை எரிவாயு என்றால் நேரெதிர், அழுத்தம் ஒரு பார் (ஏறக்குறைய காற்று மண்டல அழுத்தத்தின் அளவு) இறங்கினால் அரை டிகிரி பக்கம் குளிரும். 60 பார் குழாயில் ஓட்டை விழுந்தால் அந்த இடத்து மண் சில்லிட்டுப் போகும், தப்பவே தப்பாது.

உங்கள் பெட்ரோலும் டீசலும் பம்ப் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது கொஞ்சம் சூடாக இருக்கலாம், பத்து இருபது கிமீ போவதற்குள் மண்ணின் வெப்பத்துக்கு வந்துவிடும். நம் ஊர் மண்ணும் 30 டிகிரி, உள்ளே ஓடும் டீசலும் 30 டிகிரி. அங்கே கசிந்தால் டி.டி.எஸ். எதைப் பார்க்கும்? ஆகவே உங்கள் லைனின் பெரும்பகுதிக்கு வெப்பநிலை வழி அடைபட்டுவிடுகிறது, சத்தம் ஒன்றுதான் மிச்சம்.

சத்தம் அழுத்தத்தைப் பொறுத்தது. 50 பார் அழுத்தத்தில் 3 மிமீ ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போட்டால் மணிக்கு சுமார் 1,600 லிட்டர் டீசல் வெளியேறும். உங்கள் ஓட்டத்தில் 0.3 சதவீதம்தான், மென்பொருள் பேசாது, ஆனால் ஒரு நாளில் ஏறக்குறைய 38,000 லிட்டர் மண்ணுக்குள் போய்விடும். அந்தப் பீச்சலுக்குச் சத்தம் உண்டு, ஃபைபர் பக்கத்தில் இருந்தால் கேட்கும். அதே ஓட்டை டெலிவரி முனையில், 5 பாரில் இருந்தால் மணிக்கு 500 லிட்டர், சத்தம் மிகக் குறைவு. வெண்டர் தன் டெமோவை எந்த அழுத்தத்தில் செய்து காட்டினார் என்று கேட்டீர்களா?

மண்வெட்டி:

மேலே ஒளிச்சிதறல் சொன்னது எல்லாம் சரி. நான் கேபிள் போடும் பக்கத்தில் வேலை செய்தவன், அதனால் குழிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

டக்ட்டுக்குள் ஊதிவிட்ட கேபிள் தொலைத்தொடர்புக்காகச் செய்தது. அதன் வேலையே வெளியில் என்ன ஆனாலும் இழைக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. டக்ட்டுக்குள் காற்று, அதற்குள் கேபிள் உறை, அதற்குள் குழல், அதற்குள் ஜெல்லி, அதற்கும் உள்ளே இழை. சூடு உள்ளே வர நேரமாகும், சின்ன சத்தம் வழியிலேயே அமுங்கிவிடும். கசிவுக்காகவே போடும் கேபிளை மண்ணிலேயே நேரடியாகப் புதைப்பார்கள், குழாய்க்கு அரை மீட்டருக்குள். திரவம் என்றால் குழாய்க்குக் கீழ்ப்பக்கமோ பக்கவாட்டிலோ, வாயு என்றால் மேல்பக்கம். உங்கள் டக்ட் எங்கே ஓடுகிறது? சில இடத்தில் குழாயை ஒட்டி இருக்கும், சில இடத்தில் ஒரு மீட்டர் தள்ளி இருக்கும், ஆற்றுக்கும் ரயில் பாதைக்கும் அடியில் துளை போட்டுக் கடக்கும் இடங்களில் தனித் துளையிலேயே போயிருக்கும். கசிந்தால் மிக மோசமாகும் இடம் ஆற்றுக் கடவுதான், அங்கேதான் இந்தக் கேபிள் குழாயை விட்டு விலகிக் கிடக்கும்.

இன்னொன்று, ஃபைபர் தூரமும் குழாயின் செயினேஜும் (லைன் தொடக்கத்திலிருந்து தரையில் அளந்த தூரம்) ஒன்றாக இருக்காது. ஜாயின்ட் போட்ட ஒவ்வொரு குழியிலும் பத்து இருபது மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். பெட்டி "18,450-வது மீட்டர்" என்று சொன்னால் அது ஃபைபரின் மீட்டர். தரையில் அது முந்நூறு மீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். பெட்டி வாங்கினால் டேப் டெஸ்ட் செய்தே ஆக வேண்டும், அதாவது ஆள் லைன் மேலேயே நடந்துபோய்க் குறித்த இடங்களில் தரையைத் தட்டி, திரையில் எங்கே தெரிகிறது என்று ஒப்பிட்டு எழுதுவது. சலிப்பான வேலைதான், ஆனால் இது செய்யாமல் கொடுத்த சிஸ்டத்தில் அலாரம் வந்தாலும் ஆளை எங்கே அனுப்புவது என்று தெரியாது.

அப்படியென்றால் புதுக் கேபிளைப் போடலாமே என்பீர்கள். புதுக் குழாய் போடும்போது குழி திறந்தே இருக்கும், கூடுதல் கேபிளுக்கு ஆகும் செலவு மொத்தத்தில் கண்ணிலேயே படாது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் குழாயை ஒட்டி நூறு கிமீ தோண்டுவதை நான் ஒருநாளும் சிபாரிசு செய்ய மாட்டேன். கசிவைப் பிடிக்கப் போய் ஜே.சி.பி. பல் குழாயில் படும்.

ஆனால் உங்கள் பழைய ஃபைபர் ஒரு வேலைக்கு மிக நன்றாக ஆகும், அதை வெண்டர் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. யாராவது தோண்டுவதை அது கேட்கும். டக்ட்டுக்குள் இருந்தாலும் கேட்கும். நம் நாட்டில் பல பைப்லைன்களில் இதற்காகத்தான் ஊடுருவல் கண்டறியும் அமைப்பு என்று மாட்டியிருக்கிறார்கள், ராத்திரியில் குழாயைத் துளைத்து வால்வு வைத்து எண்ணெய் திருடுகிறவர்களைப் பிடிக்க. திருட்டு என்றால் வெறும் காசு நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். மெக்சிகோவில் ட்லாவெலில்பான் ஊரில் 2019 ஜனவரி 18 அன்று, அப்படித் துளைத்த குழாயிலிருந்து பீய்ச்சிய பெட்ரோலைப் பிடிக்கக் கூடியவர்கள் மேல் தீப்பற்றியது. 137 பேர் இறந்தார்கள். துளை விழுவதற்கு முன்பே, மண்ணில் மண்வெட்டி இறங்கும்போதே ஆள் போய் நின்றால் அந்தக் கசிவே இல்லை. என்னைக் கேட்டால் பெட்டிக்குக் கொடுக்கும் காசு இதற்கே தகும்.

வடசென்னைவாசி:

நான் இன்ஜினியர் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் கசிவின் மறுமுனையில் இருப்பவர்களைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும். 2013-ல் தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல்லில் எண்ணெய் வருகிறது என்று மக்கள் புகார் சொன்ன பிறகுதான் பூமிக்கடியில் குழாய் கசிவது வெளியே தெரிந்தது, விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2023 மார்ச்சில் நாகப்பட்டினம் பட்டினச்சேரியில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்து கடலில் கலந்தது, மீனவர்கள்தான் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பெட்ரோல் நிலத்தடி நீரின் மேல் மிதந்து பக்கவாட்டில் பரவும், அதிலிருக்கும் பென்சீன் தண்ணீரில் கரையும், கசிந்த இடம் ஒன்று, கெட்டுப்போகும் கிணறு இன்னொன்று. சூடு, சத்தம் என்று சுற்றி வளைக்காமல், பெட்ரோல் பட்டாலே காட்டுகிற மாதிரி ஃபைபர் கிடையாதா?

ஒளிச்சிதறல்:

இருக்கிறது, கேட்டது நல்லதாகப் போயிற்று. ஃபைபரின் வெளிப்பூச்சை சிலிக்கோன் மாதிரியான ஒரு பாலிமரால் செய்வார்கள். அது தண்ணீரைக் கண்டுகொள்ளாது, பெட்ரோலோ டீசலோ பட்டால் உறிஞ்சி உப்பும். உப்பும்போது அதன் ஒளிவிலகல் எண் மாறி உள்ளே போகும் ஒளி கொஞ்சம் வெளியே ஒழுகும், இல்லையென்றால் உப்பிய பாலிமர் இழையை நெளித்து அந்த இடத்தில் இழப்பை உண்டாக்கும். ஓ.டி.டி.ஆர். (துடிப்பு அனுப்பி ஃபைபரில் எங்கே ஒளி இழப்பு என்று காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் எந்த இடம் என்று தெரியும். சூடு வித்தியாசமோ அழுத்தமோ தேவையில்லை, சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலும் போதும், திரவம் கேபிளைத் தொட்டால் சரி. கேபிள் நெடுக மின்சாரமும் கிடையாது, பெட்ரோல் ஆவி நிற்கும் வால்வு குழிக்குள் தைரியமாக வைக்கலாம்.

குறையும் உண்டு. சாதாரண ஃபைபர் மாதிரி பல பத்து கிமீ போகாது, ஒருமுறை நனைந்த துண்டை பெரும்பாலும் மாற்ற வேண்டிவரும், பழைய கசிவால் மண் ஏற்கெனவே கெட்டிருந்தால் முதல் நாளே அலாரம் அடிக்கும். அதனால் லைன் முழுவதும் போடுகிற பொருளாக இதைப் பார்க்கக்கூடாது. வால்வு ஸ்டேஷன், டேங்க் அடித்தளம், குடிநீர்க் கிணறு பக்கம் போகும் சில நூறு மீட்டர், இந்த மாதிரி இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. தெற்குலைன் சொன்ன கிணறுகளுக்கு இதைத்தான் யோசிக்க வேண்டும்.

கண்ட்ரோல்ரூம்:

பெயரிலேயே தெரியும், நான் ஷிப்டில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறவன். சென்சார் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம், அலாரம் வந்த பிறகு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் மார்ஷல் ஊரில் 2010 ஜூலை 25 மாலை 30 அங்குலக் கச்சா எண்ணெய்க் குழாய் கிழிந்தது. அலாரம் வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. குழாய்க்குள் திரவம் பிரிந்து வெற்றிடம் உண்டாகியிருக்கும், அதனால்தான் கணக்கு உதைக்கிறது என்று எண்ணி, இரண்டு முறை பம்பை மறுபடி ஓட்டினார்கள். வெளியேறிய எண்ணெயில் 81 சதவீதம் அந்த இரண்டு ஓட்டத்தில் போனது. 17 மணி நேரம் கழித்து, வெளியிலிருந்து ஒரு எரிவாயு நிறுவன ஊழியர் போன் செய்துதான் விஷயம் தெரிந்தது. அதாவது கருவி சொன்னது, மனிதர்கள் நம்பவில்லை.

2020 ஆகஸ்ட் 14, வட கரோலினா ஹன்டர்ஸ்வில் கதை இதற்கு நேர் மாறு. குழாயைப் பழுதுபார்க்க முன்பு சுற்றிப் போட்ட உறை (ரிப்பேர் ஸ்லீவ்) ஒன்றிலிருந்து பெட்ரோல் கசிந்தது, கண்ட்ரோல் ரூமில் ஒரு அலாரமும் இல்லை, வண்டி ஓட்டிப்போன இரண்டு பதின்வயதுப் பையன்கள்தான் கண்டார்கள். முதலில் 63,000 கேலன் என்றார்கள், பின்னால் திருத்தித் திருத்தி 20 லட்சம் கேலன் பக்கம் வந்து நின்றது. தெற்குலைன் பயப்படுவது இந்த மாதிரிக் கசிவுக்குத்தான், அந்தப் பயம் நியாயமானது.

டி.ஏ.எஸ். பெட்டி வந்தால் முதல் மாதம் ரயில், டிராக்டர், போர்வெல் வண்டி, மாட்டு மந்தை என்று எல்லாமே அலாரமாக வரும். எது எந்தச் சத்தம் என்று மென்பொருளுக்குப் பழக்க வேண்டும், அந்தப் பழக்கம் உங்கள் மண்ணில், உங்கள் லைனில் நடக்க வேண்டும். வெண்டர் வேறு நாட்டில் பழக்கிய மாடலைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனால் ஷிப்டில் இருப்பவர் இரண்டே வாரத்தில் சத்தத்தை அமுக்கி வைத்துவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. எந்த அலாரத்துக்கு ஆள் போக வேண்டும், எதற்கு பம்பை நிறுத்த வேண்டும், நிறுத்தியதை மறுபடி ஓட்ட யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை பெட்டி வாங்குவதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

அப்புறம், காசு செலவில்லாத ஒன்று. லைன் நிற்கும் நேரங்களில் வால்வுகளை மூடி அழுத்தத்தைப் பூட்டிவைத்துப் பாருங்கள். ஓட்டம் இல்லாததால் ஓட்டத்தை அளக்கும் மீட்டரின் பிழை என்ற பேச்சே இல்லை, ஒரு சதவீதத்துக்கு மிகக் கீழே உள்ள கசிவுகூட அழுத்தம் இறங்குவதில் தெரியும். எந்த இரண்டு வால்வுக்கு நடுவில் என்பதும் தெரியும். ஒரே எச்சரிக்கை, பூட்டிய திரவம் ஒரு டிகிரி குளிர்ந்தாலே அழுத்தம் பல பார் இறங்கிவிடும், அதனால் வெப்பநிலைத் திருத்தம் கட்டாயம்.

தெற்குலைன்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. டக்ட் படங்களை எடுத்துப் பார்த்தேன், மண்வெட்டி அண்ணா சொன்னபடியே பெரிய ஆற்றுக் கடவில் ஃபைபர் தனித் துளையில்தான் போகிறது. கையிலிருக்கும் ஃபைபரைத் தோண்டுவதைக் கேட்க மட்டும் பயன்படுத்துவது, கிணறுகள் பக்கமும் வால்வு குழிகளிலும் பாலிமர் கேபிள், லைன் நிற்கும்போதெல்லாம் அழுத்தச் சோதனை என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். கண்ட்ரோல்ரூம் சார், பூட்டிவைத்துப் பார்க்கும்போது வெப்பநிலைத் திருத்தத்துக்கு அதே ஃபைபரில் டி.டி.எஸ். ஓட்டினால் உதவுமா? வெண்டர் விடாமல் கசிவையும் சேர்த்துத்தான் விற்பேன் என்றால் எப்படிச் சோதிப்பது?

ஒளிச்சிதறல்:

திருத்தத்துக்கு உதவும், ஆனால் டக்ட்டுக்குள் அது அளப்பது மண்ணின் வெப்பத்தை, குழாய்க்குள் இருக்கும் டீசலின் வெப்பத்தை அல்ல. மண் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், அதைத் தாண்டி நம்ப வேண்டாம். வால்வு ஸ்டேஷன்களில் குழாய்ச் சுவரில் ஒட்டிய வெப்பமானி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்வெட்டி:

தம்பி, சோதனைக்குப் பெட்ரோலைக் கொட்ட முடியாது, தண்ணீரை வைத்துச் செய்யலாம். ஸ்டேஷன் வேலிக்குள் டக்ட் போகும் இடத்தில், குழாய் இருக்கும் அதே ஆழத்திலும் அதே இடைவெளியிலும் ஒரு சின்ன இரும்புக் குழாயைப் புதைத்து, 3 மிமீ துளை போட்டு, மண்ணை நன்றாகத் திணித்து மூடச் சொல்லுங்கள். மண் இறுகுவதற்குச் சில வாரம் விடுங்கள், புதுசாகத் தோண்டிய மண்ணில் வரும் ரிசல்ட் வேறு மாதிரி இருக்கும். பிறகு கைப்பம்ப் வேண்டாம், அழுத்தம் நிலையாக நிற்கும் பம்பை வைத்து முதலில் 50 பார், அடுத்து 20, கடைசியில் உங்கள் டெலிவரி முனை அழுத்தமான 5 பார். எப்போது திறக்கிறோம் என்று வெண்டரின் ஆளிடம் சொல்லக்கூடாது. மெயின் பம்ப் ஓடும்போது ஒருமுறை, நிற்கும்போது ஒருமுறை செய்யுங்கள். எந்த அழுத்தத்தில் எத்தனை நிமிடத்தில் அலாரம் வந்தது, திறக்காத நேரத்தில் எத்தனை அலாரம் வந்தது, இரண்டையும் சேர்த்து ஒப்பந்தத்திலேயே போடச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத வெண்டரிடம் கசிவு அலாரத்தை வாங்காதீர்கள், தோண்டல் அலாரத்தை மட்டும் வாங்குங்கள்.